ஆதிமூலம் வீட்டு ஆறு

கருக்காறு பிறந்து வளர்ந்து கடலில் விழுந்து சாகிற முழுக் கதையையும் ஓர் ஆள் ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அடியில் அது சுனையாகக் கசிகிற இடத்தில் பல் தேய்த்துவிட்டுக் கிளம்பினால், மதியச் சோற்றுக்குப் பொழிக்குடிக் கடற்கரைக்கு வந்துவிடலாம். வழியில் பனங்காடு, கொஞ்சம் வாழை, கொஞ்சம் உப்பளம், ஏராளமான முள். அந்த நதியின் புவியியல் அவ்வளவுதான்.

வரலாறு அதைவிடச் சின்னது. போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று குடிநீருக்காக ஒதுங்கி, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தாகத்தோடே திரும்பிப் போனதாக ஊரில் சொல்வார்கள். பிறகு ஒரு வெள்ளைக்கார நில அளவையர் சித்திரை மாதத்தில் வந்து, ஆற்றின் நடுவில் கூடாரம் அடித்து உட்கார்ந்துகொண்டு, இங்கே ஆறு இருப்பதாக மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரிவித்தாராம். ஐப்பசியிலும் அவர் அதே கூடாரத்தில்தான் இருந்தார். மேற்கொண்டு அவரிடமிருந்து தகவல் இல்லை.

வருடத்தில் பெரும்பகுதி கடல் மணலை அள்ளிப்போட்டு ஆற்றின் வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்குகிற காயல் ஊரின் முதுகைச் சுற்றி வளைந்து கிடக்கும். அதில் இறால் வளரும். மழையில் தண்ணீர் ஏறும்போது மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டும். அதற்குப் பொழி வெட்டு என்று பேர். வாழை அழுகும் முன்னால் வெட்டு என்று மேலூர்க்காரர்கள் சொல்வார்கள். இறால் பெருக்கட்டும், பொறு என்று கடற்கரைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு தரப்பும் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கட்டுப்போட்ட தலைகளோடு சேர்ந்து நின்று வெட்டுவார்கள். நதிநீர்ப் பங்கீடு இத்தனை சுமுகமாக நடந்த இடம் வேறு இல்லை.

அந்த ஆறு இல்லை என்று அரசாங்கம் முடிவு செய்த வருடம்தான் ஜெனோவாவின் அண்ணன் தஸ்நேவிஸ் அதில் செத்தான்.

முடிவு செய்தது மனிதர்கள் அல்ல. மனிதர்களை வைத்து முடிவு செய்வதை அரசாங்கம் எப்போதோ கைவிட்டிருந்தது. உயிர்ப்படம் என்று ஒன்று வந்திருந்தது. ஊரில் அதற்கு மேப்பு என்று பேர். பட்டா, மின்சாரம், சாலை, வழக்கு எல்லாம் அது காட்டுகிறபடிதான். வானத்திலிருந்து பார்த்தால் கோடையில் காணாமல் போகும் ஆறுகள் தப்பிவிடுகின்றன என்று, மக்களின் நடத்தையிலிருந்து நிலத்தைக் கற்றுக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் கிடக்கிற போன்தான் அதற்குக் கண்ணும் காதும். எல்லோரும் சுற்றிப் போனால் அங்கே பள்ளம். எல்லோரும் குரலைத் தாழ்த்தினால் அது கோயில், அல்லது கந்துவட்டிக்காரர் வீடு.

ஜெனோவா அந்த உயிர்ப்படத்துக்குத்தான் வேலை பார்த்தாள். நகரத்து அலுவலகத்தில் களச்சரிபார்ப்பாளர். அது சந்தேகம் கேட்கும். இவள் ஆம் அல்லது இல்லை சொல்வாள். புவியியலில் முதுகலை முடித்தவளுக்கு இந்த இரண்டு சொற்கள்தான் உத்தியோகம்.

ஆதிமூலம் அந்தக் கரையின் பெரிய மனிதர். ஊருக்குத் தெற்கே, கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால், கடலைப் பார்த்து அவர் வீடு. அதையொட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை அறைகள். அடுத்து ஒரு கல்யாண மண்டபம் கட்ட ஆசைப்பட்டார். கண் விழுந்த இடம் பொழிமேடு. ஆற்றின் வாயில் கல்யாண மண்டபம் கட்டச் சட்டம் இடம் கொடுக்காது. எனவே அவர் சட்டத்தை மீறவில்லை, வேன் விட்டார். கோடையில் காய்ந்து கிடந்த மேட்டின்மேல் சரளை போட்டு, ஊரிலிருந்து வடக்கே சந்தைக்கு இலவச ஏசி வேன். ஊரே ஏறிப் போனது. அத்தனை போன்களும் ஆற்றை ஒரு தயக்கமும் இல்லாமல், சினிமாப் பாட்டோடு, நேர்கோட்டில் கடந்தன. ஆடி பிறப்பதற்குள் இங்கே ஆறு கிடையாது என்று உயிர்ப்படம் தெளிந்துவிட்டது. மண்டபத்துக்கு மதில் எழும்பியது.

ஐப்பசியில் தண்ணீர் ஏறி ஊருக்குள் வந்தபோது மண்வெட்டியோடு போனவர்களில் முதல் ஆள் தஸ்நேவிஸ். மதிலடியில் அவன் இரண்டு வெட்டு வெட்டியிருப்பான். தேங்கிய வெள்ளம் மதிலைத் தள்ளி அவன்மேல் போட்டு, அவனையும் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனது. மூன்றாம் நாள் கரை ஒதுங்கியவனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

விசாரணை நடந்தது. இல்லாத ஆற்றில் வெள்ளம் வர வாய்ப்பில்லை என்பதால், தனியார் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர் உலர்ந்த தரையில் மூழ்கி இறந்தார் என்று முடித்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு ஆதிமூலம் வந்திருந்தார். காப்பி குடித்துவிட்டு ஜெனோவாவின் தலையைத் தடவி, "எம் மதிலும்தான் போச்சு தாயி, நான் யார்ட்டப் போயி அழ?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஜெனோவா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். இந்த ஆளுக்குக் கீழே தரை இருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மீன் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது.

"கோர்ட்டுக்குப் போவமா?" என்றார் ஊர்த்தலைவர் சூசைமிக்கேல்.

"கோர்ட்டும் மேப்பப் பாத்துத்தான் மாமா தீர்ப்புச் சொல்லும்" என்றாள் ஜெனோவா.

"அப்ப மேப்ப நடத்துதவன் எவன்? அவனப் பிடிப்போம்."

"எவனும் இல்ல. நாமதான். நாம நடக்கதப் பாத்துத்தான் அது படிக்கி. ஆத்து மேல வேன்ல போனோம். ஆறு இல்லன்னு படிச்சிக்கிடுச்சு."

சூசைமிக்கேல் தலையைக் குனிந்துகொண்டார். "ஏசி நல்லாத்தான் இருந்துச்சு புள்ள" என்றார்.

"சரி. இருக்க ஆத்த இல்லன்னு நம்ப வைக்க முடியும்னா, இல்லாத ஆத்த இருக்குன்னும் நம்ப வைக்கலாம்லா. ஆறு கெடக்க மாதிரி நடக்கணும். அவ்வளவுதான்."

"எங்க வச்சு?"

"காயலோட தெக்கு முனையில இருந்து நேரா கடலுக்கு."

"அங்க ஆதிமூலம் வீடுல்லா இருக்கு."

"ஆமா மாமா. வீடு இருக்கு."

கொஞ்ச நேரம் கூடத்தில் வாயைத் திறந்து வைத்திருந்தவை மீன்கள் மட்டும்தான். பிறகு பின்வரிசையிலிருந்து தஸ்நேவிஸின் மனைவி பனிமயம் பேசினாள்.

"பழைய பொழியத் திரும்பக் கேட்டாப் போதாதா?"

"போதாது மைனி."

"எனக்குப் போதும்னு தோணுது."

"ஒங்களுக்கும் சேத்துத்தான் நான் கேக்கேன்" என்றாள் ஜெனோவா. யார் துக்கம் பெரியது என்று நாத்தனாரோடு போட்டி போடப் பனிமயத்துக்குத் தெம்பு இல்லை.

மறுநாளே ஆறு ஓடத் தொடங்கியது.

ஆதிமூலத்தின் வீட்டுக்கு முன்னால் போகும் தார் ரோட்டில் ஓரிடத்துக்கு வந்ததும் ஆண்கள் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, கைலியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மெல்ல இறங்கினார்கள். பெண்கள் இடுப்புக் கூடையைத் தலைக்கு மாற்றிச் சேலையைத் தூக்கிப் பிடித்தார்கள். பைக்கில் வந்தவர்கள் இன்ஜினை அணைத்து, சைலன்சருக்குள் தண்ணீர் போகாதபடி சாய்த்துத் தள்ளினார்கள். நடு ரோட்டில் வந்ததும், "இழுப்பு சாஸ்தியா இருக்குவே, பாத்து" என்று ஒருவரையொருவர் எச்சரித்தார்கள். அந்தப் பக்கம் ஏறியதும் கைலியைப் பிழிந்தார்கள். சூசைமிக்கேல் ரோட்டோரம் நாற்காலி போட்டுத் தூண்டில் வீசினார். மூன்றாம் நாள் ஒரு பாறை மீனோடு வீட்டுக்குப் போனார். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளும் ஆறு போனது. அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள், தோட்டக்காரர், வாட்ச்மேன் எல்லோரும் பொழிக்குடிதான். கூடத்தைக் கடக்கும்போது தட்டைத் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டார்கள். துவைக்கிற பெண்கள் வாஷிங் மெஷினை விட்டுவிட்டு வரவேற்பறைப் படியில் துணியை அடித்தார்கள்.

"என்னம்மா இது?" என்று ஆதிமூலம் கேட்டபோது, "வேண்டுதல் ஐயா" என்றார்கள். வேண்டுதல் என்றால் அவர் மேற்கொண்டு கேட்கமாட்டார். பக்தியுள்ள மனிதர்.

வாடகைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் பேண்ட்டை மடித்துக்கொண்டார்கள். எல்லோரும் செய்கிற ஒன்றைத் தான் மட்டும் செய்யாமலிருக்கத் தமிழனுக்கு இன்னும் பயிற்சி போதவில்லை. கடைசிச் சாட்சியைக் கொடுத்தது ஆதிமூலமேதான். ஒரு காலையில் போனில் யாரையோ திட்டிக்கொண்டே கூடத்தைக் கடந்தவர், நடுவில் வந்ததும் தன்னையறியாமல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் போய் இறக்கிவிட்டார்.

அன்று பிற்பகல் ஜெனோவாவின் திரையில் கேள்வி வந்தது. இவ்விடத்தில் வசிப்பவர் உட்பட அனைவரும் ஆற்றைக் கடப்பதுபோல் நடந்துகொள்கின்றனர். உண்மையா?

ஆம் என்று அழுத்தினாள். அவள் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

அந்த வாரமே மின்சாரம் நின்றது. ஆற்றுக்குள் மின் இணைப்பு ஆபத்து. பட்டா ரத்தானது. ஆறு யாருக்கும் சொந்தமில்லை. அவர் வீட்டுக்கூடத்தில் வலை வீச ஊராருக்குத் தானாக அனுமதி வந்தது. ஆதிமூலம் வேர்த்து விறுவிறுத்து ஜெனோவாவின் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"தாயி, எங்கயோ தப்பு நடந்துபோச்சு. எங்க வீட்டுக்குள்ள ஆறுன்னு காட்டுது."

"அப்படியா அண்ணாச்சி. ஆழம் எவ்வளவு?"

"வெளையாடாத. நீ ஒரு பட்டன அமுக்குனா சரியாயிரும்னு சொல்லுதாக."

"அமுக்கலாம். ஆனா நேத்துகூட நீங்க வேட்டியத் தூக்கிட்டுத்தான நடந்திருக்கீக. மேப்பு காட்டுதே."

ஆதிமூலம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக மதில்போலச் சாய்வதை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"நீயா?" என்றார்.

"நான் என்ன செஞ்சேன் அண்ணாச்சி. நான் வெறும் ஆமா, இல்ல சொல்லுத ஆளு."

அதோடு முடிந்திருக்க வேண்டும். இருட்டில் புழுங்கட்டும், கொஞ்ச நாள் அலையட்டும் என்பதுதான் ஜெனோவா நினைத்திருந்தது. ஆனால் உயிர்ப்படம் அரைகுறையாக எதையும் செய்வதில்லை. மறுபடி மழை பிடித்ததும் அரசின் மணல்வாரி எந்திரம் கடற்கரையோரமாகத் தானே ஊர்ந்து வந்தது. இதற்குள் பொழி வெட்டும் வேலையையும் மனிதர்களிடமிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆற்றின் வாய் எங்கே இருக்கிறது என்று எந்திரம் படத்தைப் பார்த்தது. ஆதிமூலத்தின் வீட்டை வாசலிலிருந்து கொல்லைவரை நேராக வெட்டியது.

இப்படி ஒரு வழி இருப்பது காயலுக்கே அப்போதுதான் தெரிந்தது. மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் திரும்பியது. ஊரார் நடித்துக் காட்டிய அதே வளைவில், அவர்கள் எச்சரித்த அதே இழுப்போடு, செம்மண் நிறத்தில் ஆறு வந்து கூடத்தையும் அறைகளையும் எடுத்துக்கொண்டு போனது. ஆட்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். ஆதிமூலம் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒரு பெட்டியோடு நனைந்துகொண்டு நின்றார். ஜெனோவா எதிர்க்கரையில் குடைபிடித்து நின்று பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சுடுகஞ்சி குடித்துவிட்டு, அண்ணன் செத்த பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாள்.

மழை நின்ற பிறகும் எந்திரம் போகவில்லை. படத்தில் வாய் திறந்திருக்கிறது. எனவே மணல் அடைக்க அடைக்க அது வாரிக்கொண்டே இருந்தது. கோடையிலும் கடல் உள்ளே வந்து போனது. காயலில் இறால் நிற்கவில்லை. கிணறுகளில் உப்பு ஏறியது. மேலூர்க்காரர்களோடு சண்டை போட விஷயம் இல்லாமல் போய், இரண்டு ஊரும் ஒன்றையொன்று மறந்தன. கல்லறைத் தோட்டம் அக்கரையில் மாட்டிக்கொண்டது. அதனால் என்ன, வள்ளம் இருக்கிறதே என்றார் சூசைமிக்கேல். அதற்குள் உயிர்ப்படம் இன்னொரு நியாயத்தையும் செய்து முடித்திருந்தது. ஆற்றினால் வீடிழந்தவருக்கு அந்த ஆற்றின் ஓடத்துறை உரிமை. வேறு யார் வள்ளத்தில் கடந்தாலும் வள்ளத்தின் பதிவு போய்விடும்.

ஆதிமூலம் அக்கரையில் தகரக் கொட்டகை போட்டு ஒரு தோணியோடு உட்கார்ந்துவிட்டார். செத்தவர்களைப் பார்க்கப் போகிற பொழிக்குடிக்காரர் ஒவ்வொருவரும் அவர் தோணியில்தான் ஏற வேண்டும். ஏறும்போது கைகொடுத்து, "பாத்து வாங்க, இழுப்பு சாஸ்தி" என்பார். வேறு எதுவும் பேசமாட்டார். அதற்குப் பதில் அவர் கெட்ட வார்த்தையே சொல்லியிருக்கலாம்.

ஜெனோவா ஒரு வருடமாக அக்கரைக்குப் போகவில்லை. அந்தத் தோணியில் ஏறி அண்ணனைப் பார்க்கப் போவதற்குப் பதில், அண்ணன் அங்கேயே தனியாகக் கிடக்கட்டும். ஆனால் கல்லறைத் திருநாள் வந்தது. அவள் மறுபடி ஏலக்கூடத்தில் ஊரைக் கூட்டினாள்.

"ஆறு இல்லன்னு ஆயிட்டா ஓடத்துறையும் இல்ல" என்றாள். "அந்த ஆளுக்கு அதுவும் இருக்கக் கூடாது."

"இப்ப நெசமாவே தண்ணி ஓடுதே புள்ள" என்றார் சூசைமிக்கேல்.

"தண்ணி ஓடுனா மட்டும் ஆறு ஆயிருமா? நாம ரோட்டுல நடக்க மாதிரி நடந்து போகணும். சேலையத் தூக்கக் கூடாது. வேகத்தக் கொறைக்கக் கூடாது. போன் கழுத்துல கெடக்கட்டும். இப்ப எல்லாம் தண்ணிக்குத் தாங்குற போன்தான். கடலு உள்வாங்குத வத்தத்துல நெஞ்சளவுதான் வரும்."

"அலை ஏறுனா?"

"ஏறாது மாமா."

அன்று பிற்பகல் வெயில் நன்றாக இருந்தது. பொழிக்குடி ஊர் முழுவதும் திருநாள் உடுப்பில், மெழுகுவர்த்தியும் பூவும் ஏந்தி, ஜெனோவாவின் பின்னால் ஆற்றுக்குள் நடந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. இடுப்பளவில், மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். நெஞ்சளவில், மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். சூசைமிக்கேலின் பட்டுவேட்டி விரிந்து அவரைச் சுற்றி மிதந்தது. அவர் தார் ரோட்டின் நடுவில் நிற்கிறவரைப்போல வானத்தைப் பார்த்து, "வெயில் கொளுத்துதே" என்றார். அக்கரையில் ஆதிமூலம் தோணியில் எழுந்து நின்று இந்தக் காட்சியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியும்படிதான் ஜெனோவா தலையை நிமிர்த்தி நடந்தாள்.

கடலின் ஏற்றம் அவள் கணக்குக்கு முன்னால் வந்தது. அந்த வாயை எந்திரம் ஓயாமல் ஆழப்படுத்திக்கொண்டிருந்ததை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. முன்னால் நடந்தவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. மீன்பிடிக்கிற ஊர்தான், ஆனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் நீச்சல் கற்றுக்கொடுத்ததில்லை. ஜெனோவாவுக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் தஸ்நேவிஸ் காயலில் தள்ளிவிட்டுச் சொல்லிக்கொடுத்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது பனிமயம் கொஞ்சம் பின்னால் நின்றாள். கையில் பூ. உதடு வரை தண்ணீர். கழுத்துப் போனுக்குக் கேட்கும்படி ஏதோ ரோட்டைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நடந்துதான் வாரேன்."

அடுத்த அலைக்குப் பிறகு பூ மட்டும் தெரிந்தது.

ஜெனோவா நீந்தினாள். ரோட்டில் யாரும் நீந்துவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் நீந்தியதும் ஊர் முழுவதும் கலைந்தது. ஆண்கள் பாய்ந்தார்கள், கைகளைப் பிடித்துப் பெண்களைக் கரைப்பக்கம் இழுத்தார்கள், சேலைகள் மேலேறின, சாமி பெயர்கள் எல்லாம் வந்தன. அத்தனை போன்களும் அதைக் கேட்டன. ஜெனோவா மைனியின் முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தபோது பக்கத்தில் தோணி நின்றது. ஆதிமூலம் துடுப்பை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜெனோவா பிடிக்கவில்லை. பனிமயம் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நொடிகூட யோசிக்காமல் பிடித்துக்கொண்டாள். ஆதிமூலம் இழுத்துத் தோணியில் போட்டார். அவள் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, முடியை ஒதுக்கிவிட்டு, தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஏறு புள்ள. குளுருது."

"நீங்க போங்க மைனி."

"எங்க போக? கல்லறைக்குத்தான போறோம். அவுகளப் பாக்கத்தான வந்தோம்." பனிமயம் மூச்சு வாங்கினாள். "எத்தன நாளைக்குத்தான் ரோடுன்னு சொல்லிச் சொல்லி முங்குறது?"

ஆதிமூலம் துடுப்பை மறுபடி தண்ணீர்ப்பக்கம் நீட்டினார். இரண்டு கரையிலிருந்தும் ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஜெனோவா அந்தத் துடுப்புக்கு ஒரு கையெட்டு தூரத்தில், முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், கால்களை உதைத்துக்கொண்டு அங்கேயே மிதந்தாள்.

அவள் கழுத்தில் கிடந்த போன் வழியாக உயிர்ப்படம் அதையும் கவனித்தது. கடக்கிறவர்களைப் பற்றி அதற்குத் தெரியும். சுற்றிப் போகிறவர்களைப் பற்றித் தெரியும். இது என்ன இடம் என்று அதற்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல் களச்சரிபார்ப்பாளரான அவளுக்கே கேள்வியை அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது.